ஏழாம் பாத்திஹாவில் விழுந்த கோல்

மௌத்து வீட்டில் மகனாக இருப்பதைப் போல ஓய்வில்லாத வேலை வேறு கிடையாது. ஜனாஸா எடுத்த பிறகு ஊரே உட்கார்ந்து அழலாம். மகன் மட்டும் தண்ணீர் கேன் வந்ததா, நாற்காலி போதுமா, மதுரையிலிருந்து வரும் மாமிக்குச் சீனி போடாத டீ போயிற்றா என்று அலைந்துகொண்டிருக்க வேண்டும். (அந்த மாமி ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னத்தா, சீனியே இல்ல" என்றது தனிக்கதை.) வாப்பா இறந்துபோன வாரம் முழுக்க நான் இப்படித்தான் அலைந்தேன். அலைகிறவனுக்கு யோசிக்க நேரமிருக்காது. அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

எங்கள் ஊர் திருப்பாலைக்குடிக்குப் பக்கம். வாப்பா வாழ்நாளில் பாதியை ஷார்ஜாவில் ஓர் ஐஸ் கம்பெனியில் கழித்தவர். அங்கே அவருடைய அறையில், அவருக்கு மேல்கட்டிலில் படுத்திருந்தவர் ஜுமா. தான்சானியாக்காரர், வாப்பாவைவிட வயதில் இளையவர். வந்த முதல் நாளே வாப்பாவைக் 'காக்கா' என்று கூப்பிட்டாராம். நாங்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம். ஜுமாவின் சுவாஹிலியிலும் அண்ணனுக்கு அதே சொல்தான். "இருட்டுல சத்தத்த மட்டும் கேட்டு, யாரோ தொண்டிப் பக்கத்துப் பயன்னு நெனச்சுட்டேன்" என்பார் வாப்பா. அதற்குப் பிறகு இருவரும் வளைகுடா இந்தியில் பேசிப் பேசியே வயதானார்கள். இலக்கணம் தெரிந்த இந்திக்காரர் யாரும் அதைக் கேட்காமல் இருப்பது நல்லது.

ஜுமாவோடு சேர்த்து அவர் ஊர்க் கால்பந்து கிளப்பையும் வாப்பா வரித்துக்கொண்டார். வாப்பா பந்தை உதைத்து யாரும் பார்த்ததில்லை. கடற்கரையில் பசங்கள் ஆடும் பந்து அவர் பக்கம் வந்தால், எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போயிப் படிங்கடா" என்பவர். ஆனால் அந்தச் சிவப்புச் சட்டைக்காரர்கள் தோற்ற அன்று இரவு அவருக்குச் சோறு இறங்காது.

இருவரும் அவரவர் ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு புது ஏற்பாடு வந்தது. ஜுமாவின் தெருமுனை டீக்கடையில் டிவி உண்டு. மேட்ச் நடந்தால் ஜுமா வீடியோ காலில் வாப்பாவைக் கூப்பிட்டு, போனை டிவிக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். நான் பார்த்த ஆப்பிரிக்கக் கால்பந்தில் பாதி ஜுமாவின் கட்டைவிரல்தான். மீதிப் பாதியில் யாராவது குறுக்கே டீ கொண்டு போவார்கள். வாப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

வாப்பா இறந்த வருடம் அந்த கிளப், ஆப்பிரிக்க கிளப்புகளுக்கான இறுதிப்போட்டிக்கு வந்துவிட்டது. வாப்பாவுக்கு அப்போது நுரையீரல் மிகவும் கெட்டுப்போய், வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பேசினால் மூச்சு வாங்கும். பேசாதீர்கள் என்றால் அதற்கும் சேர்த்துப் பேசுவார்.

"பைனலுன்னா ஒரு ஆட்டம் இல்ல, ரெண்டு. அவன் ஊர்ல ஒண்ணு, நம்ம ஊர்ல ஒண்ணு. பொண்ணு வீட்ல ஒரு விருந்து, மாப்ள வீட்ல ஒரு விருந்து மாதிரி. ரெண்டையும் கூட்டிப் பாக்கணும். சரிக்குச் சரியா வந்தா, அடுத்தவன் ஊர்ல போய் அடிச்ச கோலுக்கு மதிப்பு சாஸ்தி."

'நம்ம ஊர்' என்று அவர் சொன்னது தான்சானியாவை.

முதல் ஆட்டம் எதிராளியின் ஊரில், ஒரு சனிக்கிழமை. இரண்டுக்கு ஒன்று என்று நம்மவர்கள் தோற்றார்கள். (பாருங்கள், எனக்கும் 'நம்மவர்கள்' வந்துவிட்டது.) வாப்பா கவலைப்படவே இல்லை. ஒரு கோல் கையில் இருக்கிறது, அடுத்த சனிக்கிழமை சொந்த ஊரில் ஒன்றுக்குப் பூஜ்யம் அடித்தாலே கப்பு நமக்கு என்று கணக்குச் சொன்னார். ஜுமாவிடம் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். மறுநாள் பகல், லுஹர் பாங்கு சொல்லிக்கொண்டிருக்கும்போது வாப்பா போய்விட்டார்.

ஊருக்குப் பள்ளிவாசல் மைக்கில் அறிவித்தார்கள். சொந்தக்காரர்களுக்கு மாமா போன் போட்டார். மாமா என்றால் உம்மாவின் தம்பி, எங்கள் வீட்டின் எல்லாக் காரியத்துக்கும் முன்னால் நிற்பவர். ஜுமாவுக்கு நான் சொல்லியிருப்பேன் என்று மாமா நினைத்தார். அப்படி நினைத்ததில் தவறில்லை, வாப்பாவின் போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

அன்று இரவே ஜுமாவின் குரல் செய்தி வந்தது. "காக்கா, சனிக்கிழமை ரெடியா?" என்று கேட்டிருந்தார். நான் பதில் அடிக்க உட்கார்ந்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன், அழித்தேன். கடைசியில் ஒரு பெருவிரல் படத்தை அனுப்பிவிட்டேன். மறுநாள் அவர் தன் புதுச் சிவப்புச் சட்டையின் படத்தை அனுப்பினார். அதற்கும் பெருவிரல். அதற்கு மறுநாள் ஆட்டக்காரர்களின் படம். பெருவிரல். மௌத்தான மனிதர் கபருக்குப் போன பிறகும் வாரம் முழுக்கப் பெருவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தது உலகத்தில் எங்கள் வீட்டில் மட்டுமாகத்தான் இருக்கும்.

ஏன் சொல்லவில்லை என்று எல்லோரும் பிறகு கேட்டார்கள். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். எங்கள் எல்லோருக்கும் வாப்பா போய்விட்டார். ஜுமாவிடம் மட்டும் இன்னும் உயிரோடு இருந்தார், சனிக்கிழமைக்காகக் காத்துக்கொண்டு. அந்த ஓர் இடத்தையும் காலி செய்ய எனக்கு மனசு வரவில்லை.

சனிக்கிழமைதான் வாப்பாவுக்கு ஏழாம் நாள் ஓதும் பாத்திஹாவும். மஃரிபு தொழுகைக்குப் பிறகு ஓதி, துஆ முடித்து, எல்லோருக்கும் நெய்ச்சோறு. கூடத்தில் சக்கரம் வைத்த ஒரு சவுண்டு பாக்ஸை மாமா கொண்டுவந்து வைத்திருந்தார். பள்ளிவாசல் அசரத் அதில் மைக்கைச் செருகி ஓதுவார். மற்ற நேரங்களில் வாப்பாவின் போனிலிருக்கும் யாசீன் ஓதலை ப்ளூடூத் வழியாக அதில் ஓடவிடுவோம். காலையில் இணைத்ததும் நான்தான், ஓதலை நிறுத்தியதும் நான்தான். இணைப்பைத் துண்டிப்பதை மட்டும் நான் செய்யாத வேலைகளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அசரத் துஆவைத் தொடங்கினார். கூடம் நிறைய ஆண்கள். உள்ளறையில், சாத்திய கதவுக்குப் பின்னால், பிற ஆண்கள் கண்ணில் படாமல் இத்தா இருக்கும் உம்மாவும், சுற்றிப் பெண்களும். என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஜுமா. ஏற்கெனவே இரண்டு முறை துண்டித்திருந்தேன். மூன்றாவது முறையும் துண்டித்தால் வாப்பாவுக்கு என்னமோ ஏதோ என்று பயந்துவிடுவாரே என்று (ஆமாம், அப்படித்தான் நினைத்தேன், என் மூளை அன்று அந்த நிலையில் இருந்தது) மெதுவாக எழுந்து மொட்டை மாடிக்குப் போய் எடுத்தேன்.

திரையில் ஜுமாவின் முகம். சிவப்புச் சட்டை. வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. நெட் சரியில்லை போல என்று சத்தத்தைக் கூட்டினேன். வரவில்லை. முழுக்கக் கூட்டினேன். அதற்கும் வரவில்லை. சிரித்துக்கொண்டே பெருவிரலைக் காட்டினேன். ஜுமா போனை டிவி பக்கம் திருப்பினார். சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் வலது பக்கமிருந்து பந்தைத் தூக்கிப் போட, இன்னொருவர் தலையால் முட்ட, வலை அசைந்தது. டீக்கடையே சத்தமில்லாமல் குதித்தது.

அப்போதுதான் கீழே எங்கள் கூடத்தில் பெரிய ஆரவாரம் கேட்டது. நம்ம ஆட்கள் ஏன் கத்துகிறார்கள் என்று ஒரு கணம் புரியவில்லை. அடுத்து, வீட்டுக்குள்ளிருந்து ஜுமாவின் குரல், மைக் செட்டின் முழு பலத்தோடு:

"காக்கா கிதர்? காக்கா கோ உட்டாவ்! கோல் ஹோகயா!"

காக்கா எங்கே, அவரை எழுப்பு, கோல் விழுந்துவிட்டது. கூடத்தில் இருந்தவர்களில் முக்கால்வாசிப்பேர் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர்கள். மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லை. வாப்பாவின் மறுமைக்காக ஏந்திய கைகளோடு உட்கார்ந்திருந்தவர்களிடம், வாப்பாவை எழுப்பச் சொல்லி ஒரு குரல் பெட்டிக்குள்ளிருந்து மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏலே, கீழ எறங்கு" என்று மாமா படியடியில் நின்று கூப்பிட்டார். அவர் குரலில் கோபமில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

இறங்கினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அசரத் கைகளை ஏந்தியபடியே நிறுத்தி வைத்திருந்தார். பெட்டியை அணைக்கலாம், போனை அணைக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து உம்மா கேட்டார்.

"ஜுமாவுக்கு இன்னமும் சொல்லலையா வாப்பா?"

என்னையும் உம்மா வாப்பா என்றுதான் கூப்பிடுவார். நான் தலையை ஆட்டினேன். கதவுக்குப் பின்னால் இருப்பவருக்குத் தலையாட்டியது தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

"போனை இங்கன குடு."

கதவு இடுக்கு வழியாகக் கொடுத்தேன். தன் முகம் தெரியாதபடி திரையைக் குப்புறப் பிடித்துக்கொண்டாராம். உம்மாவுக்கு இந்தி தெரியாது. தமிழிலேயே பேசினார். அதுவும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஜுமாத் தம்பி. நான் ஒங்க காக்கா வீட்டுல பேசுறேன். காக்கா மௌத்தாயிட்டாக."

மௌத்து என்ற சொல்லுக்கு அந்தக் கரையிலும் இந்தக் கரையிலும் ஒரே பொருள்தான். பெட்டியில் டீக்கடை இரைச்சல் வந்தது. யாரையோ வாயை மூடச் சொல்வது கேட்டது. பிறகு ஜுமா, "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்றார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள்.

எப்போது என்று ஜுமா கேட்டார். மாமா கதவு இடுக்கில் குனிந்து இந்தியில் சொன்னார். "போன ஞாயிற்றுக்கிழமையா? பெருவிரல் வந்ததே" என்றார் ஜுமா. மாமா என்னைப் பார்த்தார். ஊரே என்னைப் பார்த்தது. அப்படியே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

காப்பாற்றியவர் அசரத்தான். "அவரையும் லைன்லயே இருக்கச் சொல்லுங்க. துஆவ முடிச்சுக்கிருவோம்" என்றார். மறுபடி தொடங்கினார். ஒவ்வொரு வரிக்கும் ஜுமாவின் ஆமீன் பெட்டியிலிருந்து, எங்கள் எல்லோருடையதையும்விடச் சத்தமாக, ஒரு நொடி தாமதமாக வந்தது. கடைசி ஆமீன்கள் உடைந்து வந்தன.

துஆ முடிந்ததும் ஜுமா போனை வைத்துவிடுவார் என்று நினைத்தோம். அவர், "காக்காவுக்காக மீதியையும் பாருங்கள்" என்றார். உம்மா கதவு இடுக்கில் போனை வெளியே நீட்டினார். மாமா அதைச் சவுண்டு பாக்ஸ் மேல் சாய்த்து வைத்தார். நெய்ச்சோறு வந்தது. சோற்றுத்தட்டைச் சுற்றி நாலு நாலு பேராக உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அந்தச் சின்னத் திரையின் பக்கம் திரும்பியே சாப்பிட்டார்கள். நான் வாப்பா சொன்ன கணக்கைச் சொன்னேன். அசரத் இரண்டு தடவை விளக்கம் கேட்டார். "அப்ப இப்பக் கப்பு நம்மகிட்ட இருக்கு" என்றார் தெளிந்து. கொஞ்ச நேரத்தில், நடுவர் ஒரு மஞ்சள் அட்டையை எடுத்ததற்காக மொத்தக் கூடமும் அவரைத் திட்டியது. அசரத் மட்டும் திட்டவில்லை, உச்சுக்கொட்டினார்.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் எதிரணி ஒரு கோல் போட்டது. பெரிய கோல்கூட இல்லை. நம்மவர் ஒருவரின் முழங்காலில் பட்டு உருண்டு போனது. கூட்டிப் பார்த்தால் மூன்றுக்கு இரண்டு. கப்பு போய்விட்டது.

யாரோ, "ச்சே" என்றார்கள். ஜுமாவுக்குப் போன் கைதவறியதோ என்னவோ, திரையில் டீக்கடையின் கூரை தெரிந்தது. நான் கையில் சோற்று வாளியோடு நின்றிருந்தேன். வாளியைக் கீழே வைத்தேன். உட்கார்ந்தேன். அழ ஆரம்பித்தேன்.

கண்ணில் நீர் முட்டியது என்கிற நாகரிகமான அழுகை இல்லை. வாயைத் திறந்து, சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, நெய்ச்சோற்றுக் கையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதேன். ஜனாஸாவைக் குளிப்பாட்டும்போது அழவில்லை. மண் தள்ளும்போது அழவில்லை. ஒரு முழங்கால் கோலுக்கு அழுதேன். நிறுத்தவும் முடியவில்லை. "விடு மாப்ள, அடுத்த வருசம் அடிச்சிருவானுக" என்று பக்கத்து வீட்டுக்காரர் முதுகில் தட்டினார். இனி வாப்பாவுக்கு எந்தச் சனிக்கிழமையும் இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அன்று ஆரம்பித்த பேச்சு இன்னும் ஓயவில்லை. 'பெத்த வாப்பாவுக்கு அழாதவன், ஆப்பிரிக்காக்காரன் தோத்ததுக்கு அழுதான்' என்பது எங்கள் குடும்பத்தில் எந்த விருந்திலும் தவறாமல் வரும். மாமா அதில் நன்றாகத் தேர்ந்துவிட்டார், என் அழுகையை நடித்தே காட்டுவார். எனக்குப் பெண் பேசப் போன இடத்திலும் அவிழ்த்துவிட்டார். பெண் வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மாமனார் பெருந்தன்மையானவர். ஜுமாவின் நம்பரை மாமாவிடம் வாங்கி, அவர் மூலமாகவே அந்தச் சிவப்புச் சட்டையை வரவழைத்து, நிக்காஹ் அன்று சபையில் வைத்து எனக்குப் போர்த்திவிட்டார். கைதட்டல் அடங்க நேரமானது.

அந்தச் சட்டையை நான் வீட்டில் அவ்வப்போது போடுவதுண்டு. போட்டுக்கொண்டு வந்தால், "இன்னைக்கு மேட்சா?" என்று மனைவி சிரிப்பாள். "ஆமா, இருக்கு" என்பேன், மேட்ச் எதுவும் இல்லாத நாளிலும். பிள்ளைகள் எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். ராத்திரி, நீங்கள் தூங்கின பிறகு என்று சொல்லிவைப்பேன்.

உம்மா மட்டும் ஒன்றும் கேட்பதில்லை. சட்டையைப் பார்ப்பார், பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்.