தேன்காரர் வைத்த இரண்டாவது வாசல்

காணிக்காரனிடம் கேட்பதைவிட அந்தக் காணியில் செத்துப்போனவர்களிடம் அதிகம் கேட்டு வீடு கட்டியவர், திருகோணமலைப் பகுதியிலேயே தேன்காரர் ஒருவர்தான்.

மூதூருக்குத் தெற்கே, காட்டோரத்து வேடர் குடியைச் சேர்ந்தவர். தேன் விற்க வருவார்; கேட்டால் வீடும் கட்டித் தருவார். கந்தோரில் கிளாக்கராக இருந்த நான், கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் களப்பின் ஓரம் ஒரு துண்டுக் காணி வாங்கி, வீடு கட்ட அவரைப் பிடித்தேன். முதல் மூன்று நாளும் அவர் ஒரு கம்புகூட நடவில்லை. வெறும் நிலத்தில் காதை வைத்துப் படுத்திருந்தார்.

"வேலை தொடங்கேல்லையோ?"

"உள்ள கதைக்கிறாங்க ஐயா. முடியட்டும்."

களப்பின் சேற்றில் நிற்கும் கண்டல் மரங்களில் ஒரு புதருக்கு ஒரு கம்புதான் வெட்டுவார். பக்கத்தில் ஒரு கன்று ஊன்றிவிட்டு, குனிந்து ஏதோ கேட்பார். பதில் வரும்வரை நிற்பார். ஒருநாள் வேலைக்கே வரவில்லை. ஏனென்று கேட்டேன்.

"மரம் ஒண்டும் சொல்லேல்ல."

லீவுக்கு இப்படியொரு காரணம் எங்கள் கந்தோரில் எவருக்கும் தோன்றியதில்லை.

வீடு முடிந்தது. தெருப்பக்கம் ஒரு வாசல். நேரெதிரே களப்பைப் பார்த்து இன்னொன்று. அதற்குக் கதவு இல்லை.

"அது அவங்க போற வழி," என்றார். "தண்ணியும் அவங்களோடதான் போகும்."

மகளுக்கு மூன்று வயது. வாசலுக்கு வெளியே பத்தடியில் களப்பு. எனக்கு நித்திரை போய்விட்டது. அவர் போன மறுவாரமே அந்த வாசலைக் கல்லும் சீமெந்தும் வைத்து அடைத்தேன். சில நாளில் சுவரில் ஈரத் தடங்கள் ஏறின.

"உப்புப் பூக்குது," என்றேன்.

"உப்புக்கு விரல் இருக்கோ?" என்றாள் மனைவி.

மாரியில் ஒரு பகல். மழை கொட்டிக்கொண்டிருக்க, தேன்காரர் கோடரியோடு வந்தார். நேரே போய் அந்தச் சுவரை உடைக்கத் தொடங்கினார்.

"என்ர சுவரை என்ன செய்யிறீங்கள்?"

"பிள்ளையைப் பரண்ல ஏத்துங்க."

மனைவியையும் மகளையும் ஏற்றினேன். கடைசிக் கல் விழுந்ததும் களப்பு உள்ளே வந்தது. இடுப்பளவு தண்ணீர், ஒரு வாசலால் வந்து மறு வாசலால் போனது. பக்கத்து வீட்டுச் சுவர் அப்படியே சாய்ந்தது. எங்கள் வீடு நின்றது.

மகள் கீழே பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆருக்கம்மா?"

"போற ஆக்களுக்கு."

தேன்காரர் வாசலோரம், யாருக்கோ இடம் விட்டவர்போல் ஒதுங்கி நின்றார்.

அவள் இப்போது பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறாள். திரும்பும்வரை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தெருக்கதவை மூன்று தரம் பூட்டிப் பார்க்கிறேன். களப்பு வாசலுக்கு மட்டும் இன்னும் கதவில்லை. போன வருடம் தேன்காரர் காலமானார். மழை தொடங்கினால், அந்த வாசலிலிருந்து என் கதிரையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன்.