ஹாங்காங் காற்றும் பைராம் தோட்டத்து அம்மனும்

மாரியம்மன் துணை

சுங்கை பினாங்
16.10.1988, ஞாயிறு

மரியாதைக்குரிய அண்ணன் அய்யாக்கண்ணு அவர்களுக்கு உங்கள் தங்கை தனலெட்சுமி கும்பிட்டு எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் ஆடுகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அந்தத் தாயை வேண்டிக்கொள்கிறேன். ஆனால் நான் வேண்டிக்கொள்வதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

பிறகு யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது என்பதற்காக, வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெலிபோன் அடித்தபோது யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நான், உங்கள் மச்சான், பக்கத்து வீட்டுச் சபூரா அக்கா, அவர் கணவர் யூசுப் அண்ணன், அவர்களுடைய பூனை. எங்கள் மாடியில் டெலிபோன் அவர்கள் வீட்டில் மட்டும்தான். அதனால் எங்கள் வீட்டு விஷயம் எதுவும் அந்தப் பூனைக்குத் தெரியாமல் நடப்பதில்லை.

என் கோமளா பாய்மரப் படகுப் போட்டிக்கு ஹாங்காங் போனது உங்களுக்குத் தெரியும். போன திங்கட்கிழமை அங்கிருந்து பேசினாள். மூன்று ஓட்டம் முடிந்து இரண்டாவது இடத்தில் இருக்கிறேன் என்றாள், சந்தோஷப்பட்டேன். காற்று பிரமாதம், இரண்டு முறை படகு கவிழ்ந்தது, ஒரே ஜாலி என்றாள், எனக்கு அதற்குமேல் காது கேட்கவில்லை. அண்ணே, அந்தப் படகைப் பார்த்திருக்கிறீர்களா? நம் வீட்டுக் குளிக்கிற தொட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதில் பதிமூன்று வயசுப் பிள்ளை தனியாக உட்கார்ந்து கடலுக்குள் போகிறது, காற்று வந்து தொட்டியைக் கவிழ்க்கிறது, இது ஜாலியாம். அன்று ராத்திரியே அம்மன் படத்துக்கு முன்னால் நின்று, பிள்ளை திரும்பி வரும்வரை அந்தக் கடலில் காற்றே அடிக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். நான் ஒருத்தி கேட்டால் போதாது என்று, நீங்கள் தலைவராக இருக்கும் பைராம் தோட்டத்து அம்மன் கோயிலிலும் அதையே வேண்டி விளக்கேற்றச் சொல்லி உங்களுக்குக் கடிதம் எழுதி, எண்ணெய்க்குப் பன்னிரண்டு வெள்ளிப் பணமும் உள்ளே வைத்து அனுப்பினேன்.

கடிதம் புதன்கிழமை உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். புதன்கிழமை ஹாங்காங்கில் காற்று நின்றுவிட்டது.

இதெல்லாம் வெள்ளிக்கிழமை டெலிபோனில்தான் எனக்குத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை போட்டிக்கு ஓய்வு நாளாம், அதற்கப்புறம் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் கடல் தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்ததாம். பதினொரு நாட்டுப் பிள்ளைகள் கரையில் உட்கார்ந்து சீட்டு விளையாடுகிறார்களாம். சனிக்கிழமை கடைசி நாள். குறைந்தது நான்கு ஓட்டம் முடிந்தால்தான் போட்டியே செல்லுபடியாகுமாம், இல்லாவிட்டால் முதல் மூன்றும் கணக்கில் வராதாம், எல்லோரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதானாம். இவ்வளவையும் அழுகையை அடக்கிக்கொண்டு சொல்லிவிட்டுச் சட்டென்று கேட்டாள், "அம்மா, உண்மையைச் சொல்லு. நீ என்ன வேண்டிக்கிட்டே?"

பெற்ற தாயிடம் கேட்கிற கேள்வியா இது? நான், சாப்பிட்டாயா என்று கேட்டேன். அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. "எட்டு வயசிலேர்ந்து பழகுறேன்மா. ஒரே ஒரு நாள் காத்து வேணும். போய் மாத்தி வேண்டிக்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். உங்கள் மச்சான் என்னைப் பார்த்த பார்வையை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது. சபூரா அக்காதான், "நானும் துஆ கேக்குறேன் தனம், ரெண்டு பக்கமும் கேட்டா நல்லதுதான்லா" என்று தேற்றினார்.

உடனே எங்கள் பக்கத்துக் கோயிலுக்கு ஓடினேன். பூசாரி சுப்பையா வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு என் வழக்கைக் கேட்டார். வேண்டுதலை வாபஸ் வாங்க முடியாது, திருத்திக்கொள்ளலாம் என்றார். சரி, காற்று வேண்டும் என்றேன். "எவ்வளவு காத்து? மொட்டையா கேட்டா புயலா வந்து நிக்கும், அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது" என்றார். எனக்கென்ன தெரியும்? மறுபடி வீட்டுக்கு ஓடி வந்தேன். யூசுப் அண்ணன் ஹாங்காங்குக்கே டெலிபோன் போட்டு, பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கும் முகம்மது சுல்தான் சாரிடம் கேட்டார். அவர் ஏதோ எண் சொன்னாராம். எண்ணெல்லாம் பூசாரிக்குப் புரியாது, பார்த்தால் தெரிகிற மாதிரி சொல்லுங்கள் என்று யூசுப் அண்ணன் கேட்டதும், கொடியில் காய்கிற துண்டு படுக்கைவாட்டில் பறக்க வேண்டும், ஆனால் கிளிப் கழலக்கூடாது என்றாராம். நான் திரும்ப ஓடிப்போய்ச் சொன்னதும் பூசாரி அதை அப்படியே, "தாயே, துண்டு பறக்கணும், கிளிப் நிக்கணும், ஹாங்காங்" என்று சொல்லிக் கற்பூரம் காட்டினார். என் பின்னால் நின்ற கூட்டமும் என்ன ஏது என்று கேட்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

சனிக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் சுங்கை பினாங்கில் நல்ல காற்று. யூசுப் அண்ணனுடைய கைலி மூங்கில் கழியிலிருந்து பறந்துபோய்க் கீழே மீன்காரருடைய மோட்டார் சைக்கிளை மூடிக்கொண்டது. விலாசம் மாறி இங்கேயே வந்து சேர்ந்துவிட்டதோ என்று நாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம்தான் டெலிபோன் வந்தது. மத்தியானம் காற்று வந்து, நான்காவது ஓட்டம் முடிந்து, மொத்தத்தில் மூன்றாவதாக வந்து பதக்கம் வாங்கிவிட்டாளாம். "தேங்க்ஸ்மா. நீ வேண்டிக்கிட்டதாலதான் காத்து வந்துச்சுன்னு எல்லார்கிட்டேயும் சொல்லிட்டேன்" என்றாள். சபூரா அக்கா அழுதார், நானும் அழுதேன், உங்கள் மச்சான் போய்ப் பூனைக்கு ஒரு கெம்போங் மீன் வாங்கி வந்தார்.

அண்ணே, உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் சொன்னேன் என்று நீங்கள் அங்கே பக்தியோடு விளக்கேற்றிக் காற்றை நிறுத்தி வைத்திருக்க, உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் நான் இங்கே திருத்திவிட்டேன். உங்கள் அம்மனுக்குக் கோபம் வராமல் ஒரு தேங்காய் உடைத்து விஷயத்தைச் சொல்லி விளக்கை முடித்துவையுங்கள். உங்கள் மச்சானும் சபூரா அக்கா குடும்பமும் உங்களை விசாரித்தார்கள். பிள்ளைகளுக்கு என் ஆசி.

உங்கள் தங்கை,
தனலெட்சுமி பிச்சைமுத்து

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அண்ணியே பஸ் ஏறி வாழைத்தாரோடு வந்து இறங்கிவிட்டார். என் முந்தின கடிதத்தைப் படித்து நீங்கள் சிரித்தீர்களாம். "என் தங்கச்சிக்குப் படகைப் பத்தி என்ன தெரியும்? பாய் கட்டுன படகு காத்து இல்லாம எப்படிப் போகும்?" என்று சொல்லிவிட்டு, புதன்கிழமையிலிருந்து தினமும் நல்ல காற்று அடிக்க வேண்டும் என்றுதான் விளக்கேற்றினீர்களாம், என் எண்ணெயில். ஆக மூன்று நாளாக நான் வேண்டாம் என்கிறேன், நீங்கள் வேண்டும் என்கிறீர்கள், நடுவில் அகப்பட்ட அந்தத் தாய் என்னதான் செய்வாள், அப்படியே நின்றுவிட்டாள். நான் உங்கள் பக்கம் வந்த பிறகுதான் அவளுக்கும் மூச்சு வந்திருக்கிறது. மேலே கேட்ட மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கோமளா நாளை மறுநாள் வருகிறாள். காற்றைக் கொண்டுவந்தது அம்மா என்று பதினொரு நாட்டுக்குச் சொல்லிவிட்டு வருகிறாள். மாமா என்று சொல்வதா, அம்மா என்றே விட்டுவிடுவதா? இதை அண்ணி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். சீக்கிரம் பதில் எழுதவும்.