பக்கத்துக் கடையைப் பார்த்துக் கடை நடத்துபவர்

மனிதர்களில் ‘பக்கத்துக்கடைபார்ப்பான்’ என்று ஓர் இனம் உண்டு. செக் நாட்டில், ஜெர்மன் எல்லையை ஒட்டிய ஹெப் ஊர்ச் சந்தைக்கு வாருங்கள், காட்டுகிறேன். வெறுங்கையோடு கடை போட்டு முன்னுக்கு வந்த வியட்நாம்காரர்கள் நாங்கள் இருபது பேர். எங்களில் இந்த இனத்துக்கே தலைவர் குவாங்.

எந்திர ஆலைக்கு வெல்டராக வந்தவர். எத்தனை மணிக்கு எழுவது, எந்தக் கட்டிலில் படுப்பது, எந்தக் கூட்டத்தில் கை தட்டுவது என்று எல்லாவற்றையும் சோஷலிசம் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு குளிர்காலத்தில் அது கவிழ்ந்தது. ஆலையைப் பூட்டி, ஊருக்குப் போங்கள் என்றார்கள். குவாங் போகவில்லை; சந்தையில் கடை போட்டார். ஆனால் இனி யார் சொல்வது?

பக்கத்துக் கடையில் தாவ் அக்கா இருந்தார்.

அக்கா தோட்டத்தில் வைக்கும் குள்ளன் பொம்மையை அடுக்கினால், மறுநாள் குவாங்கின் கடையிலும் குள்ளன். அந்தக் குள்ளன் தூண்டில் போட்டால் இந்தக் குள்ளனும் தூண்டில் போடுவான். அக்கா குடையை இடப்பக்கம் சாய்த்தால், மழை வலப்பக்கத்திலிருந்து அடித்தாலும், இவர் நனைந்துகொண்டே இடப்பக்கம்தான் சாய்ப்பார். கேட்டால்? “சந்தையோட நாடியப் பிடிச்சுட்டேன்!” என்பார். பிடித்தது அக்காவின் நாடியை.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, அக்கா எல்லாவற்றையும் பாதி விலைக்குத் தள்ளினார். குவாங் விடுவாரா? கால் விலை! மத்தியானத்துக்குள் கடை காலி.

“அக்கா, அடுத்து என்ன சரக்கு?”

“சரக்கா? கடையையே விட்டுட்டேன் தம்பி. பிராகுல மக வீட்டோட போறேன்.”

மனைவி மியென் பிடித்துக்கொண்டாள். “இப்ப நீங்களும் போயி அவங்க பேரனைத் தூக்கி வெச்சுக்கப் போறீங்களா? திங்கட்கிழமை அதிகாரி வர்றாரு. சரக்கு இல்லேன்னா கடை உரிமம் போச்சு. உரிமம் போனா இந்த நாட்டுலயே இருக்க விடமாட்டான். மூளைன்னு ஒண்ணு இருந்தா இப்பவாவது வெளிய எடுங்க!”

சொந்தமாக யோசித்தாக வேண்டும். எப்பேர்ப்பட்ட ஆபத்து! சனிக்கிழமை முழுவதும் காலிக் கடையில், விறைத்த கைகளைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒன்றும் தோன்றவில்லை.

ஆனால் வரிசை முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. “குவாங் காலி பண்ணிட்டான்னா உள்ள என்னமோ சேதி இருக்குடா!” சாயங்காலத்துக்குள் மற்றப் பதினெட்டுக் கடைகளும் சரக்கைத் தள்ளிவிட்டு அவரைச் சூழ்ந்துகொண்டன.

“மறைக்காதீங்கண்ணே. அடுத்து என்ன?”

குவாங் நிமிர்ந்தார். செருமினார். தன் விரல்களைப் பார்த்தார்.

“கையுறை.”

குளிர்காலம் முடிகிறதே என்று அழாத குறையாக இருந்த மொத்த வியாபாரி, ஞாயிற்றுக்கிழமை கிடங்கையே துடைத்துக் கொடுத்தார். திங்களன்று அதிகாரி பத்தொன்பது கடைக் கையுறைகளையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பிழைத்தார் குவாங். செவ்வாய்க்கிழமை வெயில் அடித்தது. பனி உருகி ஓடியது.

சிரிக்கிறீர்களா? ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, இன்று மூன்று கடைகளுக்கு முதலாளியாக இருக்கிற நானே நாற்பது பெட்டி வாங்கினேன். நீங்கள் எம்மாத்திரம்? உங்கள் பிள்ளையை அந்தப் படிப்பில் ஏன் சேர்த்தீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம். பக்கத்து வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்காமல் சொல்ல வேண்டும்.