பத்து கம்ப்யூட்டரும் ஒரு லட்டும்

சிதம்பரத்துல என் மச்சான் திறக்குற பிரவுசிங் சென்டருக்குப் பத்து கம்ப்யூட்டர்ல ஓ.எஸ். போட்டுக் கொடுக்கணும். அன்னிக்கு வேலை அவ்வளவுதான்.

மச்சான்னா என் சம்சாரத்தோட தம்பி.

"பத்துக்கும் ரெண்டு நாள் ஆகுமாமே மாமா?"

"என் சிடி இருந்தா ஒரே காலையில முடியும்டா. அதைக் கேட்டு சிங்கப்பூர்லேர்ந்து ஆள் வந்தான். தரமாட்டேன்னுட்டேன்."

சிங்கப்பூர் பொய். சிடி நிஜம். ஓ.எஸ். கூடவே தமிழ் ஃபான்ட், சாட்டிங், பாட்டு எல்லாத்தையும் அதுலயே சேத்து வச்சிருந்தேன். உள்ள போட்டா ஒரு கேள்வி கேக்காது, நேரம்கூடக் கேக்காது. தானா ஏறிக்கும்.

நான் கிளம்பினதுக்கு வேற காரணம் இருக்கு. எனக்கு சுகர். திறப்பு விழாவுல லட்டு உண்டு. சம்சாரம் முட்டி வலின்னு திருப்பாதிரிப்புலியூர் வீட்டுலயே தங்கிட்டா.

பத்தரைக்கு நல்ல நேரம். அதுக்குள்ள பத்து சிஸ்டமும் ரெடி. ஸ்பீக்கர்ல பாட்டு, தட்டுல லட்டு. ஒண்ணை எடுத்து வாய்கிட்ட கொண்டுபோனேன்.

"மாத்திரை போட்டீங்களா? கையில என்ன அது? இனிப்புன்னா கீழ வைங்க."

சம்சாரத்தோட குரல். லட்டு தன்னால தட்டுக்குத் திரும்பிடுச்சு.

மச்சான் வாசலை எட்டிப் பார்த்தான். "அக்கா வர்லேன்னீங்களே?"

பேசினது மூணாம் நம்பர் சிஸ்டம். அப்பதான் உறைச்சுது. சிடி தயார் பண்ணும்போது, ஒவ்வொண்ணா டிக் பண்ணச் சோம்பல்பட்டு, என் வீட்டு சிஸ்டத்துல இருந்த எல்லா புரோகிராமையும் மொத்தமா டிக் பண்ணிட்டேன். அதுல ஒண்ணு பதினோரு மணி மாத்திரை அலாரம். அவளே பேசி ரெகார்டு பண்ணினது.

மூணை அமத்தினேன். ஏழு பேசுச்சு. ஏழுக்கு ஓடினேன். ஒண்ணு பேசுச்சு. எல்லாம் பழைய பெட்டிங்க, ஒவ்வொண்ணோட கடிகாரத்துலயும் ஒவ்வொரு நேரம். நேரம் கேக்காம ஏறிக்கிற மாதிரி செஞ்ச மகராசன் நான்தான்.

புவனகிரியிலேர்ந்து வந்த பெரியவர் ஒருத்தர் தன் லட்டைச் சத்தமில்லாம கீழ வச்சார். "யாருங்க அந்தம்மா? எனக்கும் சுகர்தான். எப்படித் தெரிஞ்சுது?"

"மாமா, கூட்டம் கலையுது. ஏதாவது பண்ணுங்க"ன்னான் மச்சான்.

"இது சென்டருக்கு வர்றவங்க உடம்பைக் கவனிக்கிற சேவை"ன்னு சபைக்கு எடுத்து விட்டேன். கை தட்டினாங்க. மச்சானுக்கு உயிர் வந்துச்சு.

ஒன்பது குரல் எண்ணிட்டேன். அப்புறம் அரை மணி நேரம் சத்தமே இல்ல. பத்தாவதுல அலாரம் ஏறலைபோலன்னு நிம்மதியாகி, மூலைக்குப் போய், சுவத்தைப் பார்த்துத் திரும்பி நின்னு, கடைசி லட்டை எடுத்தேன்.

"கையில என்ன அது?"

பத்தாவது சிஸ்டம் அந்த மூலையிலதான் இருந்துச்சு.

சாயந்தரம் வீட்டுக்குள்ள நுழையும்போதே சம்சாரம் கேட்டா. "எத்தனை லட்டு?"

"சத்தியமா ஒண்ணுகூட இல்ல."

கல்யாணமானதுலேர்ந்து அவகிட்ட நான் சொன்ன ஒரே உண்மை. நம்பல.