பெயர் பின்னர் அறிவிக்கப்படும்

செய்தி விளங்காவிட்டால் யாரையாவது கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் பத்திரிகையில் இருந்த எனக்கு இது தெரியும். அன்று நான் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆக்லாந்துக்கு வந்து, ஒனிஹங்காப் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன். (பெட்டிகளில் அச்சாகியிருந்த வாசகங்களில் பிழை திருத்துவேன். மேற்பார்வையாளர் ரசிக்கவில்லை.) அச்சு மையின் மணத்துக்கு ஏங்கிக் கிடந்தபோது ஒரு சிறிய பத்திரிகை, ஒரு நாள் வேலை செய்து காட்டச் சொன்னது. சரிவந்தால் நிரந்தரம்.

எங்களுக்குக் கோடை; அமெரிக்காவில் குளிர். அங்கே பேஸ்பால் ஆட்டம் இல்லாத அந்த மாதங்களில் கழகங்கள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும். அந்தச் செய்திகளை நான் ஒரு பத்தியாகச் சுருக்க வேண்டும். விளையாட்டு ஆசிரியர் என்னை நம்பி கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டார்.

பந்து வீசுபவர் ஒருவரைக் கொடுத்து இருவரை வாங்குகிறார்களாம். ஒருவருக்குப் பெயர் இருந்தது. மற்றவருக்கு, 'பெயர் பின்னர் அறிவிக்கப்படும்.'

பெயரை மறைத்தால் அது தணிக்கை. எங்கள் ஊரில் தணிக்கையாளர் வெட்டிய இடத்தை வெள்ளையாகவே விடுவோம், வாசகருக்கு விளங்கிவிடும். அந்த மரியாதையை அமெரிக்காவுக்கும் செய்தேன். பக்கத்தை வடிவமைத்த பெண் அந்த வெற்றிடத்தைக் காட்டி "சரிதானா?" என்று இருமுறை கேட்டாள். இருமுறையும் தலையாட்டினேன்.

மறுநாள் விளையாட்டு ஆசிரியர் பக்கத்தை விரித்து, வெள்ளைக் கட்டத்தில் விரல் வைத்தார். "இது என்ன?"

"தணிக்கை."

"அந்த ஆளை அவர்களே இன்னும் தெரிவுசெய்யவில்லை. அங்கே அது வழக்கம்." பிறகு எழுந்துபோய்த் தன் கையாலேயே தேநீர் போட்டுத் தந்தார். வேலை இல்லை என்பது அப்போதே விளங்கியது.

வீட்டில் மனைவி முழுவதையும் கேட்டாள்.

"ஏனப்பா, ஆரிட்டையாவது ஒருக்கா கேட்டிருக்கலாமே?"

"தணிக்கையைப் பற்றி ஆரிட்டைக் கேக்கிறது?"

"இஞ்ச அது இல்லையப்பா. அதுக்குத்தானே வந்தனாங்கள்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முடிவாகாத எல்லாவற்றுக்கும் ஒரே பதில். "இண்டைக்கு என்ன கறி?" என்றால், "பெயர் பின்னர் அறிவிக்கப்படும்."

இன்றும் படிவங்களில் 'தொழில்' என்ற இடத்துக்கு வந்தால் என் பேனா நின்றுவிடும். பெட்டி மடிப்பவன் என்று எழுத மனம் வராது. பத்திரிகையாளன் என்று எழுத உரிமை இல்லை. இங்கே பிறந்த மகள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்பாள்: "அப்பா, பின்னர் அறிவிக்கப்படுமா?"

"ஓம்" என்று சொல்லி, அந்தக் கட்டத்தை வெள்ளையாக விடுகிறேன்.