இருக்கிற மாதிரி ஒரு கோடு

"கோடு இருக்கா, இல்லையா?" என்றார் பட்டாபி.

"இருக்கற மாதிரி இருக்கு," என்றார் டாக்டர் சுபாஷிணி, பரிசோதனைப் பட்டையை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து.

மத்திய அரசில் முப்பது வருஷமாகக் குப்பை கொட்டும் செக்ஷன் ஆபீசர் பட்டாபிக்கு இந்த மாதிரி பதில்கள் புதிதல்ல. அவரே எத்தனையோ பேரை இப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். தனக்கு ஒருவர் சொல்லும்போது எப்படி இருக்கும் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

டெல்லி ஜனக்புரி ஃப்ளாட்டின் மாடிப்படிக்குக் கீழே தாயில்லாமல் கிடந்த இரண்டு பூனைக்குட்டிகளை அவர் மகள் ஷ்ரேயா தூக்கி வந்து ஒரு மாதம் ஆகிறது. இரண்டும் சாம்பல் நிறம், இரண்டுக்கும் ஒரே மாதிரி வரி. நல்ல நாள் பார்த்து வைக்கலாம் என்று மனைவி மீனாக்ஷி சொல்லிவிட்டதால் இன்னும் பெயர்கூட இல்லை. தடுப்பூசிக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை என்றார்கள். ரத்தம் பார்த்தால் பட்டாபிக்குத் தலை சுற்றும். குட்டிக்கு ஒன்றாக இரண்டு படிவங்களை நிரப்பி, கூடையோடு கம்பவுண்டரிடம் கொடுத்துவிட்டு வெளியே நின்றிருந்தார்.

"முதல் சாம்பிள் சுத்தமா நெகட்டிவ். ரெண்டாவதுலதான் இந்தக் கோடு. பூனைங்களோட எதிர்ப்புச் சக்தியக் குறைக்கற வைரஸ். மனுஷங்களுக்கு வராது."

"அப்போ ரெண்டாவதுக்கு வந்துடுத்தா?"

"சொல்ல முடியாது சார். மூணு மாசக் குட்டி. தாய்ப்பால்ல வந்த ஆன்டிபாடியாவும் இருக்கலாம். ஆறு மாசம் முடிஞ்சதும் திருப்பிப் பாத்தாத்தான் தெரியும். அது வரைக்கும் ஒண்ண ஒண்ணு கடிக்காம, வேற வேற ரூம்ல வைங்க. நிஜமாவே வைரஸ் இருந்தாலும் ஒழுங்கா பாத்துக்கிட்டா ரொம்ப வருஷம் இருக்கும்."

கடைசி வாக்கியம் பட்டாபியின் காதில் ஏறவில்லை. எந்தக் குட்டி இரண்டாவது என்று கேட்கவும் வாய் வரவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரைக் கேள்வி கேட்டு அவருக்குப் பழக்கமே கிடையாது.

அந்தக் கேள்வியை வீட்டில் மீனாக்ஷி கேட்டாள்.

"ரெண்டும் அச்சு ஒண்ணாயிருக்கு. எதுன்னா ரெண்டாவது?"

பட்டாபி கூடையைத் தரையில் வைத்துத் திறந்தார். ஒரு குட்டி துள்ளி வெளியே வந்தது. இன்னொன்று கொட்டாவி விட்டது.

"முதல்ல வந்தது ஒண்ணாம் நம்பர். சீனியாரிட்டி. இது ரெண்டு. பாவம்."

"நன்னாயிருக்கு உங்க சீனியாரிட்டி! டாக்டருக்கு ஒரு போன் பண்ணிக் கேக்கப்படாதோ?"

"அங்கேயே கேக்காம வந்துட்டு இப்போ கேட்டா, என்னைப் பத்தி என்ன நெனச்சுப்பா?"

ஆக, இரண்டாம் நம்பருக்குச் சிவப்புக் கயிறு, ஒன்றாம் நம்பருக்கு மஞ்சள் கயிறு. சிவப்பு ஷ்ரேயாவின் அறைக்கும், மஞ்சள் இவர்கள் படுக்கையறைக்கும் போயின. எந்த வேளைக்கு யார், எந்தத் தட்டில், எந்தத் துடைப்பத்தோடு என்று பட்டாபி ஒரு சுற்றறிக்கை தயாரித்தார். அடுக்களைக்கு ஒரு பிரதி, அறைக்கு ஒரு பிரதி. மீனாக்ஷிக்கு அது தேவைப்படவில்லை. டெல்லிக்கு வந்த அன்றே மூட்டை கட்டி வைத்த மடி ஆசாரத்தை எடுத்து உதறினாள். சிவப்பைத் தொட்டால் கால் அலம்பி, புடவை மாற்றி, அப்புறம்தான் மஞ்சள்.

டிசம்பர் குளிர் ஆரம்பித்தது. அதுவரை இரண்டு குட்டிகளும் ஒன்றன் வயிற்றில் மற்றது தலை வைத்துத்தான் தூங்கும். இப்போது கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக உட்கார்ந்து அழுதன. கேட்கச் சகிக்கவில்லை.

"அப்பா, ப்ளீஸ், ரெண்டும் எவ்ளோ ரோதா ஹை, அழறது பாருங்கோ," என்றாள் ஷ்ரேயா பாதி ஹிந்தியில், தன் ரஜாய்ப் போர்வையைச் சிவப்புக்குப் போர்த்தியபடி.

"அதோட நல்லதுக்குத்தாண்டி."

"எது நல்லதுன்னு டாக்டருக்கே தெரியலையே!"

சிவப்பு ஒரு தும்மல் போட்டால்கூடப் பட்டாபி ஓடிப் போய்ப் பார்த்தார். ஆபீஸிலிருந்து தினம் நான்கு முறை போன் செய்து, "சாப்டுத்தா? தும்மித்தா?" என்று கேட்டார். பக்கத்து மேஜைக்காரர்கள் வீட்டில் கைக்குழந்தை என்று நினைத்துக்கொண்டார்கள்.

இதற்குள் வேலைக்காரி கம்லா தனித்தட்டையும் மூடிய கதவையும் பார்த்துவிட்டு, கோவிட் சமயத்திலும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டாள். வதந்தி பரவும் முன் தடுக்க வேண்டும் என்று பட்டாபி குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் எழுதினார்: 'எங்கள் வீட்டில் ஒரு பாசிட்டிவ் இருப்பது உண்மைதான். ஆனால் அது இன்னும் உறுதியாகவில்லை. யாரும் பயப்பட வேண்டாம்.'

அது வரை கம்லாவைத் தவிர யாரும் பயப்படவில்லை. அன்று மாலையிலிருந்து இஸ்திரிக்காரர்கூடத் துணியைக் கீழே வைத்துவிட்டு, தெருவிலிருந்தே குரல் கொடுத்தார்.

"உங்களை யார் எழுதச் சொன்னா?" என்றாள் மீனாக்ஷி, பாத்திரம் தேய்த்தபடி.

குட்டிகளின் அழுகையாவது நிற்கட்டும் என்று பட்டாபி அடுத்த ஏற்பாட்டில் இறங்கினார். ஷ்ரேயாவின் அறை வாசலில் கம்பி வலை அடித்தார். ஒன்றை ஒன்று பார்க்கலாம், கடிக்க முடியாது. வலையைக் கண்டதும் இரண்டும் ஓடிவந்து மூக்கை மூக்கோடு ஒட்டிக்கொண்டன. அழுகை நின்றது. மூன்று பேரும் நிம்மதியாக உட்கார்ந்து காப்பி குடித்தார்கள்.

காப்பி முடிந்து பார்த்தால் வலையின் ஒரு மூலை பிய்ந்திருந்தது. இரண்டு குட்டிகளும் ஹாலில் கட்டிப் புரண்டுகொண்டிருந்தன. பக்கத்தில் ஈரமாக இரண்டு கயிறுகள் கிடந்தன, ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள்.

"எது எது?" என்று அலறினார் பட்டாபி.

"சீனியாரிட்டி பாருங்கோ," என்றாள் மீனாக்ஷி. சொல்லிவிட்டு அவளும் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இந்த முறை வெட்கத்தை விட்டு டாக்டருக்குப் போன் செய்தார். "இப்ப பாத்தாலும் பிரயோஜனமில்ல சார். பிப்ரவரி வரைக்கும் வெய்ட் பண்ணுங்க," என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து இரண்டுமே நோயாளி, இரண்டிடமிருந்தும் இரண்டையும் காப்பாற்ற வேண்டும். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மேற்கு அறையில் ஒரு குட்டியோடு பட்டாபி, கிழக்கு அறையில் மற்றதோடு மீனாக்ஷியும் ஷ்ரேயாவும். தம்பதிகள் பேசிக்கொள்வது போனில். பொங்கலன்று மேற்கு அறைக்குச் சர்க்கரைப் பொங்கல் கதவிடுக்கு வழியாக வந்தது. சாப்பிடப் பிடிக்காமல் பட்டாபி குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது அவர் விரலை நக்கியது.

"ஒனக்கு ஒண்ணும் இருக்கப்படாதுடா," என்றார் அதனிடம். உடனே, அப்படியானால் மற்றதற்கு இருக்க வேண்டும் என்று ஆகிறதே என்று தோன்றி, கண்ணில் நீர் வந்துவிட்டது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, இரண்டு தனிக் கூடைகளில் இரண்டையும் எடுத்துக்கொண்டு மூவரும் போனார்கள். பட்டாபி இந்த முறையும் வெளியே நின்றார். பெஞ்சில் மீனாக்ஷி சகஸ்ரநாமம் முணுமுணுத்தாள். ஷ்ரேயா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "ரெண்டுமே நெகட்டிவ். கோடு மாதிரிகூட எதுவும் இல்ல."

மீனாக்ஷி தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பட்டாபி மூக்கைச் சிந்தினார். இரண்டு குட்டிகளையும் ஷ்ரேயா ஒரே கூடையில் விட்டாள். அவை ஒன்றன் காதை மற்றது நக்க ஆரம்பித்தன.

"பாவம், அதுல ஒண்ணு மூணு மாசமா பாசிட்டிவ்ங்கற பேரைச் சுமந்துது," என்றார் பட்டாபி. "எதுன்னுதான் கடைசி வரைக்கும் தெரியாமப் போச்சு."

கம்பவுண்டர் செந்தில்குமார், ராணுவத்தின் கால்நடைப் பிரிவில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர், ரசீதை நீட்டினார். அவர் கையில் பட்டாபி சற்று முன் எழுதிக் கொடுத்த இரண்டு படிவங்கள் இருந்தன.

"இந்தத் தடவ கிழக்கு ரூம், மேற்கு ரூம்னு வேற வேறயா எழுதியிருக்கீங்க, அதனால ரெண்டு குட்டிக்கும் பாத்தேன் சார், போன தடவ ரெண்டு ஃபாரமும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருந்துச்சா, பட்டாளத்துல சந்தேகத்துக்கு ரெண்டு தடவ பாப்போமே, அந்த மாதிரி டூப்ளிகேட்னு நெனச்சு ஒரே குட்டிக்கே ரெண்டு தடவ டெஸ்ட் எடுத்துட்டேன்."