முதல் பந்திக்கு ஓர் ஆதாரம்

உங்கள் பாட்டனார் பெரிய மனிதர் என்று வீட்டில் சொன்னால், நம்பிவிட்டுச் சும்மா இருங்கள். ஆதாரம் தேடிப் போகாதீர்கள். ஆதாரத்துக்கு மட்டு மரியாதை தெரியாது. (இதை எனக்கு அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.)

அறுபதுகளின் தொடக்கம். மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு மண்டியில் நான் கணக்குப்பிள்ளை. மீசையும் ரோஷமும் சேர்ந்தே முளைத்திருந்த வயது. எங்கள் பள்ளிவாசல் கந்தூரி விருந்தில் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி நாலு பேராக உட்கார்ந்து நெய்ச்சோறு சாப்பிடுவார்கள். முதல் பந்தியின் முதல் தாம்பாளம் ஊர்ப் பெரிய குடும்பங்களுக்கு. அந்த வருஷம் அதில் உட்கார்ந்த என் தகப்பனாரை, அத்தாவை, பிஸ்மி சொல்லிக் கை வைக்கும் நேரத்தில் எழுந்திருக்கச் சொன்னார்கள். யாருக்காக? கொச்சங்காடி அரிசி வியாபாரி ஒருவரின் புது மருமகனுக்காக. ஆலுவாக்காரன். கல்யாணச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. அத்தாவோ சிரித்துக்கொண்டே கடைசிப் பந்திக்குப் போனார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

பள்ளிவாசலில் தொங்கும் பித்தளை விளக்கு, அத்தாவின் பாட்டனார் காதர் மைதீன் ராவுத்தர் கொடுத்தது. சொந்தத்தில் தோணி வைத்து மிளகு வியாபாரம் செய்தவர் என்று கேள்வி. விளக்குக் கொடுத்தவரின் பேரனை எழுப்புவதா? நிர்வாகியான முத்தவல்லியிடம் போய்க் குதித்தேன்.

அவர் நிதானமாக, "எழுத்துல இருந்தா கொண்டு வாப்பா. அடுத்த கந்தூரிக்கு உங்க அத்தாவை நானே கையைப் பிடிச்சு உக்கார வைக்கறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிவாசல் பரணில் கிடந்த பழைய ஜமாஅத் புத்தகங்களைத் தும்மிக்கொண்டே புரட்டினேன். எல்லாம் அரபுத்தமிழ், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழ். நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். அரபு எழுத்தைக் கூட்டி ஓத மட்டும் தெரியும். கடைசியில் ஒரு பக்கத்தில் காதர் மைதீன் என்ற பெயர் சிக்கியது. அடுத்த வரியில் விளக்கு. இதற்குமேல் என்ன வேண்டும்? மீதியைச் சபையே கேட்கட்டும் என்று புத்தகத்தை மூடினேன்.

ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லாரும் இருந்தார்கள், ஆலுவா மருமகன் உட்பட. அத்தா என் சட்டையைப் பிடித்து இழுத்து, வீட்டுக்குப் போய்ச் சாயா குடிக்கலாம் என்றார். உதறிவிட்டு, பாங்கு சொல்லும் முக்ரியிடம் புத்தகத்தைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னேன். வாசித்தார்.

"சுமை தூக்கும் காதர் மைதீன், கந்தூரியில் முதல் தாம்பாளத்தில் இடம் கேட்டுச் சண்டை பிடித்து, நெய்ச்சோற்று அண்டாவைக் கவிழ்த்தபடியால், அபராதமாக ஒரு விளக்கு வாங்கி வைக்க வேண்டும். அதுவரை அவரைப் பந்தியில் சேர்க்க வேண்டாம்."

பள்ளிவாசலில் சிரிக்கக் கூடாது என்பார்கள். அன்று அதை ஒருவரும் மதிக்கவில்லை. ஆலுவாக்காரன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

வீட்டுக்குப் போகும் வழியில், இது முன்னாலேயே தெரியுமா என்று அத்தாவைக் கேட்டேன்.

"பின்னே தெரியாதா? அதான்டா, யாரு எழுந்திருன்னாலும் நான் எழுந்துடறது."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று தெருவிலேயே கத்தினேன். "இப்படிக் கத்தற ஆள்கிட்டயா?" என்று கேட்டுவிட்டு அவர் முன்னால் நடந்தார்.

அன்றிலிருந்து எந்த விருந்தில் நான் உட்கார்ந்தாலும், யாராவது எழுந்து சோற்றுச் சட்டியை என் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைக்கிறார்கள். மனைவி செய்தாள், மகள் செய்தாள், இப்போது பேரன் செய்கிறான். அவனுக்கு இன்னும் பேச்சே சரியாக வரவில்லை. கவிழ்த்தது நானா? என் கையில் இருந்தது வெறும் புத்தகம்தானே?